சுண்டைக்காய் கால் பணம்... சுமைகூலி முக்கால் பணம்! ஆன்லைன் ஏலத்தில் ஜெயித்த பிறகு வரும் ‘ஷிப்பிங்’ பில்லைச் சமாளிப்பது எப்படி?

ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!

ஊர்ப் பொதுவில் நிற்கும் புளியமரமோ, கண்மாய் மீனோ ஏலம் போகும்போது, மூன்றாவது தரம் சொல்லி முடித்ததும் கதை முடிந்தது. ஜெயித்தவர் பணத்தைக் கட்டுவார். பொருள் கண்ணெதிரே இருக்கும். மிஞ்சிப்போனால் வண்டிக் கூலி. அதுவும் எவ்வளவு என்று ஏலம் கேட்கும்போதே அவருக்குத் தெரியும்.

செல்போனில் நடக்கும் ஏலத்தில் கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் காட்சி. கற்பனைதான். ஆனால், இதில் வரும் கணக்கு வெளிநாட்டு ஏலத்தில் பொருள் வாங்கும் யாருக்கும் வரக்கூடியது. திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அப்பா ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் படமும், ரேஷன் கார்டு படமும் அவர் எடுத்ததுதான். கையில் ஒரு யாஷிகா 635. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. ஒரு மருத்துவச் செலவுக்காக அதை விற்றுவிட்டார். அடுத்த மாதம் அப்பாவுக்கு 80 வயது. அந்தக் கேமராவை மறுபடி அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் அதே மாடல். கடைசி நாள், கடைசி நிமிடம். நெஞ்சு படபடக்க விரல் திரையிலேயே இருக்கிறது. நம் பணத்துக்குச் சுமார் 8,000 ரூபாய்க்கு ஏலம் அவருக்கே முடிகிறது. ‘வாழ்த்துகள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்’ என்று மெசேஜ். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பணம் கட்டப் போகிறார். திரையில் மொத்தத் தொகை 12,000 ரூபாய்! ஷிப்பிங் மட்டும் 4,000.

சரி போகட்டும் என்று கட்டினால், இரண்டு வாரம் கழித்து கூரியர் கம்பெனியிலிருந்து இன்னொரு மெசேஜ். ‘சுங்க வரி கட்டினால்தான் டெலிவரி.’

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவைத்தது சும்மா இல்லை!

8,000 எப்படி 16,000 ஆனது?

அந்தக் கேமராவின் பில்லைப் பிரித்துப் பார்ப்போம்.

ஏலத்தில் கேட்ட விலை 8,000 ரூபாய். ஷிப்பிங் 4,000 ரூபாய். பணம் கட்டியது கிரெடிட் கார்டில். வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 12,000 ரூபாய்க்கு 3.5 சதவிகிதம் 420 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி 76 ரூபாய். ஆக 496 ரூபாய்.

அடுத்து சுங்க வரி. இங்கேதான் பலரும் ஏமாறுவது. ‘கேமரா விலைக்குத்தானே வரி’ என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பொருளின் விலை, அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த செலவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டிய மதிப்புக்குத்தான் வரி. அதாவது, நீங்கள் கொடுத்த கூலிக்கும் வரி உண்டு. ஒரே ஆறுதல், பொருள் விமானத்தில் வந்தால், கூலி எவ்வளவாக இருந்தாலும் பொருள் விலையில் 20 சதவிகிதத்துக்கு மேல் அதை வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுங்க மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. எனவே 8,000 ரூபாய் கேமராவுக்கு, 4,000 ரூபாய் கூலியில் 1,600 ரூபாய்தான் கணக்கில் வரும். இன்ஷூரன்ஸைத் தள்ளிவைத்தால் வரிக்கான மதிப்பு 9,600 ரூபாய்.

வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அடிப்படை சுங்க வரி, அதோடு ஐ.ஜி.எஸ்.டி என்று அடுக்கடுக்காக வரும். பேச்சுக்கு, எல்லாம் சேர்த்து 30 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 2,880 ரூபாய் ஆகிறது. அந்த வரியை உங்கள் சார்பில் முன்கூட்டியே கட்டியதற்காகத் தனியார் கூரியர் நிறுவனங்கள் ஒரு சேவைக் கட்டணமும் போடும். அது ஒரு 700 ரூபாய் என்று வைப்போம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 16,076 ரூபாய். ஏலத்தில் கேட்டதைப்போல இரண்டு மடங்கு! இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஐந்தையும் ஏலம் கேட்பதற்கு முன்னால் நாம் கூட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கண் விலையைப் பார்க்கும், கூலியைப் பார்க்காது!

படித்தவர்கள், கணக்கில் புலிகள்கூட இதில் சறுக்குகிறார்கள். ஏன்?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தன்ஜிம் ஹுசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஈபே தளத்தில் இசை சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் கேம்களையும் தாங்களே ஏலத்துக்கு விட்டார்கள். ஒரே பொருளை இரண்டு விதமாகப் போட்டார்கள். ஒன்றில் ஆரம்ப விலை 4 டாலர், ஷிப்பிங் இலவசம். இன்னொன்றில் ஆரம்ப விலை வெறும் 1 சென்ட், ஷிப்பிங் 3.99 டாலர். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால், 1 சென்டில் ஆரம்பித்த ஏலத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள். கடைசியில் விற்பனையாளருக்குக் கிடைத்த மொத்தப் பணமும் அதில்தான் அதிகம். 2006-ல் வெளியான இந்த ஆய்வு சொல்லும் செய்தி எளிமையானது. ஏலம் கேட்கும் வேகத்தில் நம் மனசு கூலியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பலவீனத்தைச் சில விற்பனையாளர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். பொருளை அடிமாட்டு விலைக்குப் போட்டு, லாபத்தை ஷிப்பிங்கில் எடுப்பது. தளத்துக்குச் செலுத்தும் கமிஷன் ஒரு காலத்தில் பொருளின் விலைக்கு மட்டும்தான் என்பதால், இதில் கமிஷனும் மிச்சமானது. 2011-ல் ஈபே, ஷிப்பிங் தொகைக்கும் சேர்த்துக் கமிஷன் வாங்க ஆரம்பித்தது. தில்லுமுல்லு குறைந்தது. ஆனாலும், முழுசாக ஒழிந்துவிடவில்லை.

இன்னொரு வியாதியும் உண்டு. 1971-ல் எண்ணெய்க் கிணறு ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள், ‘வென்றவரின் சாபம்’ என்று ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். பலர் போட்டியிடும் ஏலத்தில், பொருளின் மதிப்பை எல்லோரையும்விட அதிகமாகக் கணித்தவர்தான் ஜெயிக்கிறார். ஆகவே, ஜெயித்தவர் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுத்தவராகவே இருப்பார். அந்தக் கூடுதல் விலையின் தலையில் கூலியும் வரியும் ஏறி உட்கார்ந்தால்?

4 கிலோ பெட்டிக்கு 12 கிலோ கூலி!

‘கேமரா ஒரு கிலோதான் இருக்கும். அதுக்கு எதுக்கு இவ்வளவு?’ என்று விற்பனையாளரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்தில் எடையைவிட இடம்தான் காசு. எனவே, எக்ஸ்பிரஸ் கூரியர்கள் பெட்டியை எடை போடுவதோடு, அளந்தும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதுதான் ‘வால்யூமெட்ரிக் வெயிட்’. நிஜ எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

50 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம், 30 செ.மீ உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 60,000. வகுத்தால் 12. உள்ளே 4 கிலோ பொருள் இருந்தாலும் 12 கிலோவுக்குக் கட்டணம்! அதே பொருளை 40, 30, 20 செ.மீ பெட்டியில் பத்திரமாக அடைக்க முடிந்தால் கணக்கு 4.8 கிலோவாக இறங்கிவிடும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். ‘ரேட்டைக் குறையுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘பெட்டியைச் சின்னதாக்க முடியுமா?’ என்று கேட்பது பலன் தரும்.

ஏலத்துக்கு முன்: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

ஏலத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, விலையிலிருந்து மேலே ஏறிப்போவது. செய்ய வேண்டியது, பட்ஜெட்டிலிருந்து கீழே இறங்கி வருவது.

நம் திருநெல்வேலிக்காரரின் கையில் மொத்தம் 12,000 ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே கணக்குப்படி ஷிப்பிங் 4,000 போய்விடும். கூரியரின் சேவைக் கட்டணம் 700. மீதி 7,300 ரூபாயில் பொருளின் விலை, வரி, கார்டு கட்டணம் மூன்றும் அடங்க வேண்டும். கணக்குப் போட்டால், அவர் கேட்கக்கூடிய உச்ச விலை 5,000 ரூபாய்தான். சரிபார்க்கலாம். விலை 5,000, ஷிப்பிங் 4,000, வரி 1,800, கார்டு கட்டணம் 372, கூரியர் 700. மொத்தம் 11,872 ரூபாய்.

இந்த 5,000 என்ற எண்ணை ஒரு பேப்பரில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். ஈபே போன்ற தளங்களில் உச்ச விலையை முதலிலேயே போட்டுவிடும் வசதி உண்டு. மற்றவர்கள் ஏற்ற ஏற்ற, அந்த எல்லை வரை தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொள்ளும். எல்லை தாண்டினால் நின்றுவிடும். கடைசி நிமிடப் படபடப்பில் ‘இன்னும் ஒரு நூறு ரூபாய்தானே’ என்று விரல் தானாகப் போகாமல் இருக்க, இதைவிட நல்ல பூட்டு இல்லை.

ஏலம் கேட்கும் முன் இந்த ஐந்தையும் பார்த்துவிடுங்கள்.

1. பொருள் எந்த நாட்டில் இருக்கிறது? தளம் தமிழில் பேசினாலும் பொருள் ஜப்பானில் இருக்கலாம்.

2. இந்தியாவுக்கு அனுப்புவார்களா? பக்கத்தில் தெரியும் ஷிப்பிங் தொகை உங்கள் பின்கோடுக்கானதா, விற்பனையாளரின் உள்நாட்டுக்கானதா? முகவரியை மாற்றிப் பார்த்தால் தொகை மாறும்.

3. ஷிப்பிங் தொகை எண்ணாகப் போட்டிருக்கிறதா, ‘விற்பனையாளரிடம் கேட்கவும்’ என்றிருக்கிறதா? இரண்டாவது என்றால், ஏலம் முடிவதற்கு முன்பே கேட்டு, பதிலைத் தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

4. இறக்குமதிக் கட்டணம் சேர்த்தா, தனியா? சில சேவைகள் பணம் கட்டும்போதே வரியையும் வாங்கிவிடும். சிலவற்றில் அது வீட்டு வாசலில் வரும்.

5. ஏல நிறுவனம் ‘பையர்ஸ் பிரீமியம்’ வாங்குமா? நாணயம், தபால்தலை, ஓவியம் ஏலம் விடும் நிறுவனங்களில் இது சகஜம். கேட்ட விலையின் மேல் குறிப்பிட்ட சதவிகிதம், அதன் மேல் வரி. 1975-ல் லண்டனின் பெரிய ஏல நிறுவனங்களான கிறிஸ்டீஸும் சோத்பீஸும் ஆரம்பித்துவைத்த வழக்கம், இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

ஜெயித்தாயிற்று... பில்லும் வந்தாயிற்று. இப்போது என்ன செய்வது?

முதலில், பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அதேபோல, கோபத்தில் மெசேஜும் அனுப்பிவிடாதீர்கள். வந்திருக்கும் அதிர்ச்சி எந்த ரகம் என்று பாருங்கள். நான்கு ரகம்தான் உண்டு.

முதல் ரகம்: பக்கத்திலேயே போட்டிருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. இதில் தப்பு நம் பக்கம். ஏலத்தில் ஜெயிப்பது விளையாட்டல்ல, ஒப்பந்தம். நம் ஊர் சரக்கு விற்பனைச் சட்டம் (1930) 64-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. சுத்தியல் விழும் வரை கேட்டவர் பின்வாங்கலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. ஈபேயில் நான்கு நாளுக்குள் பணம் வராவிட்டால், விற்பனையாளர் அதை ரத்து செய்து புகார் பதியலாம். அது உங்கள் கணக்கில் கரும்புள்ளி. ஆகவே, உண்மையைச் சொல்லிக் கேட்பதுதான் வழி. ‘ஷிப்பிங் தொகையைக் கவனிக்கத் தவறிவிட்டேன். மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, குறைந்த செலவில் தபாலில் அனுப்ப முடியுமா? முடியாதென்றால் ரத்து செய்ய சம்மதிப்பீர்களா?’ இரண்டே வரி. பெரும்பாலான விற்பனையாளர்களும் மனிதர்கள்தான். பணம் கட்டி, பொருள் கிளம்பிய பிறகு கேட்பதைவிட, ஜெயித்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்டால் பலன் அதிகம்.

இரண்டாவது ரகம்: தொகை போடவில்லை, ஜெயித்த பிறகு சொல்கிறார்கள். இப்போது பேரத்துக்கு இடமுண்டு. எந்த சர்வீஸ், பெட்டியின் அளவு என்ன, எடை என்ன என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த எண்களை அந்த நாட்டுத் தபால் துறையின் இணையதளத்தில் போட்டால் கட்டணம் தெரிந்துவிடும். பேக்கிங்குக்கு நியாயமான கூடுதல் இருக்கலாம். ஆனால், 2,000 ரூபாய் தபாலுக்கு 4,000 கேட்டால், அந்தக் கணக்கைக் காட்டியே குறைக்கச் சொல்லலாம். அதே விற்பனையாளரிடம் இரண்டு, மூன்று பொருள்களை ஜெயித்திருந்தால், தனித்தனியாகப் பணம் கட்டாதீர்கள். ஒரே பெட்டியில் போட்டு, ஒரே பில்லாகத் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது ரகம்: பக்கத்தில் ஒரு தொகை, ஜெயித்த பிறகு வேறு தொகை. இங்கே நீங்கள் இறங்கிப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் போட்ட ஷிப்பிங் தொகைதான் பேச்சு. ‘தபால் செலவு ஏறிவிட்டது, இன்னும் 1,500 அனுப்பினால்தான் அனுப்புவேன்’ என்று விற்பனையாளர் தனியாகக் கேட்டால், தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏலப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, தளத்தின் உதவிப் பகுதியில் புகார் செய்யுங்கள். பணம் கட்டியும் பொருள் வரவில்லை என்றால் தளத்தின் பணம் திரும்பத் தரும் திட்டம் இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால், கார்டு கொடுத்த வங்கியில் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

நான்காவது ரகம்: வீட்டு வாசலில் வரும் வரி. இதற்கு விற்பனையாளர் பொறுப்பல்ல. கூரியரிடம் வரிக் கணக்கின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பொருளின் மதிப்பு நீங்கள் கட்டிய தொகைதானா என்று பாருங்கள். தப்பாக இருந்தால், பணம் கட்டிய ரசீதையும் ஏலப் பக்கத்தையும் அனுப்பித் திருத்தச் சொல்லலாம். ஆதார், பான் போன்ற கே.ஒய்.சி ஆவணங்களைக் கூரியர் கேட்பது வழக்கமான நடைமுறைதான். ஆனால், மெசேஜில் வந்த லிங்க்கில் ஏற்றாமல், நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கு நீங்களே போய் ஏற்றுங்கள்.

‘பார்சலே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்’ என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லலாம். ஆனால், முதல் ஷிப்பிங் பணம் பெரும்பாலும் திரும்ப வராது. திரும்பிப் போகும் செலவையும் உங்கள் தலையில் கட்டக்கூடும். வரி 2,880 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், 4,000 ரூபாய் கூலியை இழப்பது லாபமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

‘கிஃப்ட்னு எழுதிடுங்க சார்!’

வரியைத் தவிர்க்க நண்பர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். இரண்டுமே வேண்டாம்.

ஒன்று, ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்வது. ஒரு காலத்தில் 20,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருள்களுக்கு வரிவிலக்கு இருந்தது உண்மை. 2019 டிசம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்து, ராக்கி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பரிசு என்று எழுதுவது எப்படியும் பொய்தான்.

இரண்டு, விலையைக் குறைத்து எழுதச் சொல்வது. பிடிபட்டால் பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் சுங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பிடிபடாவிட்டாலும் ஆபத்து. வழியில் பார்சல் உடைந்தாலோ, தொலைந்தாலோ, எழுதிய மதிப்புக்குத்தான் இழப்பீடு. 8,000 ரூபாய் கேமராவை 800 ரூபாய் என்று எழுதியிருந்தால், கைக்கு வருவதும் 800 ரூபாய்தான்!

சட்டம் உங்கள் பக்கம் எப்போது?

இந்தியாவில் இயங்கும் தளம் அல்லது விற்பனையாளர் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், 2020-ன்படி விற்பனையாளர் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். டெலிவரி, தபால், கையாளும் செலவு, வரி எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்பனை செய்தால் இந்த விதி பொருந்தும்.

2023 நவம்பரில் மத்திய அரசு 13 வகை ‘டார்க் பேட்டர்ன்’ தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று ‘டிரிப் பிரைசிங்’. அதாவது, முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் கட்டம் வரை மற்ற கட்டணங்களை மறைத்துவைத்து, சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது.

இப்படி நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே மனு போடலாம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019-ம் ஆண்டு சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால், வெளிநாட்டில் இருக்கும் ஒரு தனிநபர் விற்பனையாளரை இப்படி இழுப்பது நடைமுறையில் சிரமம். அங்கே தளத்தின் புகார்ப் பெட்டியும் உங்கள் வங்கியும்தான் துணை.

வாட்ஸ்அப் ஏலமும் ஏலம்தான்!

பழைய நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம், பித்தளைப் பாத்திரம் என்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஏலம் நடக்கிறது. 50 ரூபாய் நாணயத்தை ஜெயித்துவிட்டு, 100 ரூபாய் தபால் செலவைப் பார்த்து விழிப்பவர்கள் இங்கேதான் அதிகம். ‘போஸ்டல் தனி’ என்ற இரண்டு வார்த்தைகளை எல்லோரும் தாண்டிப் போய்விடுவதுதான் காரணம்.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி எளிது. ஒரே விற்பனையாளரிடம் மாதம் முழுக்க ஜெயித்ததைச் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே ஸ்பீடு போஸ்ட்டாக வாங்குவது. இந்தியத் தபால் துறையின் இணையதளத்தில் எடையையும் பின்கோடையும் போட்டால் கட்டணம் தெரிந்துவிடும். அதைவிட ரொம்ப அதிகமாகக் கேட்டால், தபால் ரசீதின் படத்தைக் கேளுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார்.

உஷார்... பார்சலே இல்லாமல் வரும் பில்!

‘உங்கள் பார்சல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, 25 ரூபாய் கட்டுங்கள்’ என்று லிங்க்கோடு மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருப்பவர்தான் இதில் சுலபமாக விழுவார். 25 ரூபாய்க்குக் கார்டு விவரம் கொடுத்தால், கணக்கே காலியாகலாம். கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தில் டிராக்கிங் எண்ணை நீங்களே அடித்துப் பாருங்கள். சுங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு போன் செய்து, தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அது மோசடியேதான். சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் டி.ஐ.என் என்ற அடையாள எண் இருக்கும். அது நிஜமா என்று அந்தத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள்.

கேமரா வந்ததா?

நம் திருநெல்வேலிக்காரரிடம் திரும்புவோம். 12,000 ரூபாய் பில்லைப் பார்த்த இரவு அவருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, திட்டி ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, பணம் கட்டாமல் விட்டுவிடுவது. இன்னொன்று, கேட்டுப் பார்ப்பது. ‘இது என் அப்பாவுக்கு. எக்ஸ்பிரஸ் வேண்டாம், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. சின்னப் பெட்டியில், சாதாரணத் தபாலில் அனுப்ப முடியுமா?’ என்று அவர் எழுதியிருந்தால், 4,000 ரூபாய் கூலி பாதியாகக் குறைந்திருக்கலாம். தபாலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமே கட்டியிருக்கலாம். கூரியரின் 700 ரூபாய் சேவைக் கட்டணமும் இருந்திருக்காது. ஒரே ஒரு கேள்வியில் 2,700 ரூபாய் வரை மிச்சம். அந்தக் காசுக்கு அப்பாவுக்கு ஃபிலிம் ரோலே வாங்கிப் போட்டிருக்கலாம்.

ஆக, ஏலத்தில் ஜெயிப்பதற்கு வேகமான விரல் போதும். ஜெயித்த பொருள் நஷ்டமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர, ஏலத்துக்கு முன்னால் ஒரு பேப்பரும் பேனாவும், ஜெயித்த பின்னால் ஒரு மரியாதையான மெசேஜும் வேண்டும்.

அடுத்த முறை கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, விரலை வைப்பதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ‘இது சுண்டைக்காயின் விலையா, சுமைகூலியும் சேர்த்தா?’